முள் காட்டுவது லிட்டர் அல்ல

பைக்கில் இருக்கும் பெட்ரோல் மீட்டரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்து வண்டி வைத்திருக்கும் யாருமே அதை முழுசாக நம்புவதில்லை, ஆனால் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். "ரெண்டு பாயிண்ட் இருக்கு, நாகர்கோவில் போயிட்டு வந்துடலாம்" என்று சொல்கிறவரும் எங்கள் வீட்டில் இருக்கிறார், "இது எப்பவும் காலின்னுதான் காட்டும், ஓடும்" என்று சொல்கிறவரும் இருக்கிறார். இரண்டு பேருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். அந்த மீட்டர் ஏன் அப்படிக் காட்டுகிறது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவை ஒன்றும் பெரிய ரகசியமும் இல்லை, தெரிந்துகொண்டால் வெயிலில் வண்டியைத் தள்ளுவதை அநேகமாகத் தவிர்த்துவிடலாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்த மீட்டர் பெட்ரோலை அளக்கவில்லை, பெட்ரோல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. டேங்குக்குள் ஒரு கம்பி, அதன் நுனியில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் தேய்த்துக்கொண்டே நகரும், அந்த மின்தடை எவ்வளவு என்பதை வைத்துத்தான் முன்னால் முள் ஆடுகிறது, அல்லது டிஜிட்டல் மீட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும் பாயிண்ட் குறைகிறது. மெக்கானிக்குகள் இதை டேங்க் யூனிட் என்பார்கள், சிலர் ஃப்ளோட் என்பார்கள். இவ்வளவுதான் விஷயம். டேங்க் ஒரு நேரான பெட்டியாக இருந்தால் உயரம் பாதி என்றால் பெட்ரோலும் பாதி என்று சொல்லிவிடலாம். பைக் டேங்க் பெட்டி இல்லை. வண்டியின் சேஸிஸ் குழாயின் மேல் சேணம் போல இரண்டு பக்கமும் கால் விரித்து உட்கார்ந்திருக்கிறது. மேலே அகலம், முன்னால் ஒரு புடைப்பு, முட்டி வைக்கும் இடத்தில் இரு பக்கமும் உள்வாங்கல், கீழே போகப் போக நடுவில் குழாய்க்கு இடம் விட்டு இடது வலது என்று இரண்டு பள்ளங்களாகப் பிரிந்துவிடும். மேலே ஒரு விரல்கடை உயரத்தில் இருக்கிற பெட்ரோலும் கீழே அதே ஒரு விரல்கடை உயரத்தில் இருக்கிற பெட்ரோலும் ஒரே அளவாக இருக்க வழியே இல்லை.

ஃபுல் டேங்க் போட்டால் நூறு கிலோமீட்டர் வரைக்கும் முள் அசையாமல் நிற்பதும், அதற்கப்புறம் பாதியிலிருந்து காலிக்கு மளமளவென்று சரிவதும் இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. டேங்க் முழுதும் நிறைவதற்கு முன்பே மிதவை தன் மேல் எல்லையைத் தொட்டுவிடும், அதற்கு மேல் ஊற்றுகிற பெட்ரோலை அது பார்ப்பதே இல்லை. அதே மாதிரி அடியிலும் மிதவை தரையில் உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருக்கும். ஆக மேலேயும் கீழேயும் மீட்டருக்குக் கண் தெரியாது, நடுவில் மட்டும் ஏதோ தெரியும், அந்த நடுப்பகுதியும் சமமாகப் பிரிக்கப்பட்டது இல்லை. ஆறு பாயிண்ட் காட்டும் வண்டியில் ஒவ்வொரு பாயிண்டும் ஆறில் ஒரு பங்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அப்படி யாரும் வாக்கு கொடுக்கவில்லை.

இதில் இன்னும் மோசமான நிலைமை யாருக்கு என்றால், நூறு ரூபாய்க்குப் போடுகிறவர்களுக்கு. லிட்டர் விலை நூறு ரூபாயை ஒட்டி நிற்கும்போது நூறு ரூபாய் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். தினம் வேலைக்குப் போய் வருகிற எத்தனையோ பேர் கையில் இருப்பதற்குத் தகுந்த மாதிரி நூறுக்கும் இருநூறுக்கும்தான் போடுகிறார்கள், அவர்கள் வண்டியில் பெட்ரோல் எப்போதும் டேங்கின் கடைசி கால் பாகத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மீட்டர் எங்கே மிகவும் தடுமாறுமோ அங்கேயேதான் அவர்கள் வண்டியின் வாழ்க்கை முழுக்க நடக்கிறது. மீட்டர் சரியாக இல்லை என்று அதிகம் சொல்கிறவர்களும் அவர்கள்தான், சொல்வது நியாயம்தான்.

சரி, வண்டி நிற்கும் விதமும் கணக்கை மாற்றும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கும், பெட்ரோல் இடது பள்ளத்துக்கு ஓடும், மிதவை வலது பக்கம் இருந்தால் குறைவாகக் காட்டும், இடது பக்கம் இருந்தால் கூடுதலாகக் காட்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பெட்ரோல் பின்னுக்குப் போகும், இறங்கும்போது முன்னுக்கு வரும். குறைந்த பெட்ரோலோடு மலை இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது, ஏனென்றால் பல வண்டிகளில் பெட்ரோல் வெளியேறும் இடம் டேங்கின் பின்பக்க அடியில் இருக்கிறது, சரிவில் பெட்ரோல் முன்னால் போய்விட்டால் டேங்கில் பெட்ரோல் இருந்தாலும் எஞ்சினுக்கு வராது. டிஜிட்டல் மீட்டர்கள் இந்த ஆட்டத்தைச் சமாளிக்க ஒரு வேலை செய்கின்றன. கொஞ்ச நேரத்துக்கான அளவுகளைச் சேர்த்து சராசரி எடுத்து மெதுவாகத்தான் மாறும். பங்கில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பிய பிறகும் சில வண்டிகளில் மீட்டர் உடனே ஏறாமல் நிற்பது இதனால்தான், பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவசரப்பட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம்.

போன வருடம் என் வண்டியில் மீட்டர் மூன்று பாயிண்டில் இருந்து திடீரென்று ஒன்றுக்கு விழுவதும், ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் மறுபடி மூன்றுக்கு வருவதுமாக இருந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டபோது "எல்லா வண்டியும் அப்படித்தான் சார் காட்டும்" என்றார்கள். அந்தப் பதில் எனக்கு இப்போதும் ஆற மாட்டேன் என்கிறது. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் ஒரு பொருளில் ஒரு பாகம் வேலை செய்யவில்லை என்றால் அதைக் கழற்றிப் பார்க்கிற பொறுமைகூட இல்லாமல் அனுப்பி வைப்பது சரியில்லை. வள்ளியூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் டேங்கை இறக்கி யூனிட்டை வெளியே எடுத்துக் கையில் கொடுத்தார். "இங்க பாருங்க தம்பி, இந்த எடத்துல பட்டை தேஞ்சு போச்சு, கம்பி இதுக்கு மேல வரும்போது கரண்டு விட்டுப் போகுது" என்று கம்பியை மேலும் கீழும் நகர்த்திக் காட்டினார். மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அளவு ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்து ஒரே இடத்தில் மட்டும் அறுந்து போகிறது. நான் அதிகம் ஓட்டுகிற அளவிலேயே கம்பி உராய்ந்து உராய்ந்து அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது. யூனிட்டை மாற்றியதும் குதிப்பது நின்றுவிட்டது.

அவர் சொன்ன இன்னும் சில விஷயங்களையும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். மிதவைக்குள் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்தால் அது மூழ்கிவிடும், ஃபுல் டேங்க் போட்டாலும் காலி என்றே காட்டும். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கித் துரு பிடித்தால் கம்பி ஒரே இடத்தில் இறுகிவிடும், அப்போது எவ்வளவு ஓட்டினாலும் மீட்டர் மாறவே மாறாது. இது ஆபத்தான வகை, ஏனென்றால் பாதி இருக்கிறது என்று நம்பியே போய்க்கொண்டிருப்போம். எர்த் வயர் சரியாகப் பிடிக்காவிட்டால் எப்போதும் ஃபுல் அல்லது எப்போதும் காலி. மழையில் நனைந்த பிறகு மட்டும் மீட்டர் தகராறு செய்கிறது என்றால் முதலில் சாக்கெட்டைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள், புது யூனிட் வாங்குவதற்கு முன்னால்.

இப்போது ரிசர்வ் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு இதில் உண்மையான வருத்தம் இருக்கிறது. எங்கள் அப்பா காலத்து வண்டிகளில், ஆர்எக்ஸ் 100 ஆகட்டும், பழைய புல்லட் ஆகட்டும், பெட்ரோல் முள்ளே கிடையாது. டிவிஎஸ் 50 வைத்திருந்தவர்கள் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள், இருட்டாக இருந்தால் குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். ஆனாலும் அந்த வண்டிகள் பெரும்பாலும் நடுவழியில் விட்டுவிடாது, காரணம் டேங்குக்குக் கீழே இருந்த டேப். அதற்குள் இரண்டு குழாய்கள், ஒன்று உயரமானது, ஒன்று அடியோடு ஒட்டியது. டேப் ஆனில் இருக்கும்போது உயரமான குழாய் வழியாகப் பெட்ரோல் வரும். மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் எஞ்சின் மூச்சு வாங்கும், இழுவை குறையும், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இடது கையை இறக்கி டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினால் அடிக்குழாய் திறந்து மறுபடி ஓடும். "ரிசர்வ் விழுந்துடுச்சு" என்று சொன்னால் இனி இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அந்த வண்டிக்காரருக்குத் தெரியும். அதில் மின்சாரம் இல்லை, மிதவை இல்லை, தேய்கிற பட்டை இல்லை. பெட்ரோல் மட்டமே நேராகச் செய்தி சொன்னது. அதைவிட நம்பகமான பெட்ரோல் அளவுகோல் இதுவரைக்கும் பைக்கில் வந்ததில்லை என்பது என் கருத்து.

2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகைக்கான பிஎஸ்-6 விதிகள் வந்தன. பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்தது, புகை குறைந்தது, குளிரில் சோக் இழுக்க வேண்டியதில்லை, இதெல்லாம் நல்லதுதான். ஆனால் கூடவே அந்த டேப்பும் ரிசர்வும் போய்விட்டன. இப்போது டேங்குக்குள் ஒரு மின்சார பம்ப் மூழ்கிக் கிடக்கிறது, அது அழுத்தத்தோடு பெட்ரோலைத் தள்ளுகிறது. பெட்ரோல் இருக்கும் வரை ஒரே மாதிரி ஓடும், தீர்ந்ததும் ஓரிரண்டு வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடும். திருப்புவதற்கு ஒன்றும் இல்லை. நான்குவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு அந்த பம்ப் சூடாகாமல் இருப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோலால்தான், அடிக்கடி வறள வறள ஓட்டினால் பம்ப்பின் ஆயுள் குறையும். பம்ப் மாற்றும் செலவு ஒரு டேங்க் பெட்ரோல் செலவைவிடப் பெரியது.

அதாவது மீட்டர் தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை என்று இருந்த காலத்தில் ரிசர்வ் இருந்தது. மீட்டரை மட்டுமே நம்பியாக வேண்டிய காலத்தில் அது இல்லை, மீட்டரோ அதே பழைய மிதவைதான். கம்பெனிகள் ப்ளூடூத் கொடுக்கிறார்கள், போனில் வழி காட்டுகிறார்கள், ஆனால் கடைசி பாயிண்ட் மின்ன ஆரம்பிக்கும்போது டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கும் என்பதைச் சில வண்டிகளின் கையேட்டில்தான் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். எல்லா வண்டியிலும் மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கராகவே ஒட்ட வேண்டிய விஷயம் அது.

"இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்" என்று எண் காட்டும் வண்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது என்பது இன்ஜெக்ஷன் வண்டியின் கம்ப்யூட்டருக்கு நன்றாகவே தெரியும், அதனால் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று அது காட்டும் கணக்கு ஓரளவு நம்பத் தகுந்தது. ஆனால் மீதி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அதுவும் மிதவையிடம்தான் போய்க் கேட்க வேண்டும். அப்புறம் இதுவரை ஓட்டிய விதத்தை வைத்துத்தான் இனி ஓடப் போவதைச் சொல்கிறது, சமதரையில் ஐம்பதில் ஓட்டிவிட்டு மலை ஏற ஆரம்பித்தால் அந்த எண் கண் எதிரே கரையும்.

அந்தக் கணக்கில் இன்னொரு பாதி மைலேஜ். நம் ஊரில் பைக் வாங்கும்போது முதல் கேள்வியே "எவ்ளோ கொடுக்கும்?" என்பதுதான். 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது, பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் விளம்பரம் செய்தே விற்றார்கள், அந்த விளம்பரத்தை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தன் வண்டியின் மைலேஜ் என்ன என்று சரியாகக் கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. கம்பெனி சொல்லும் எண் ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, வகுத்து வைத்த வேக வரிசையில் ஓட்டி எடுத்தது. ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அது உதவும். உங்கள் ரோட்டில், உங்கள் கையில் அந்த எண் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

சிலர் நூறு ரூபாய்க்குப் போட்டு, நாமே பூஜ்யமாக்கிக்கொள்ளும் ட்ரிப் மீட்டரில் தூரம் பார்த்து மைலேஜ் சொல்வார்கள், அதில் பிழை அதிகம். ஃபுல் டேங்குக்கு ஃபுல் டேங்க் என்றுதான் பார்க்க வேண்டும், அதிலும் ஒரே பங்க், முடிந்தால் ஒரே நாசில், வண்டி நடு ஸ்டாண்டில், நாசில் தானாக நிற்கும் முதல் க்ளிக்கோடு நிறுத்துவது. ஒவ்வொரு முறையும் நிறைகிற மட்டம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், கால் லிட்டர், அரைக்கால் லிட்டர் என்று. 300 மில்லி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லிட்டருக்குக் கணக்குப் பார்த்தால் அது 15 சதவீதப் பிழை, 8 லிட்டருக்குப் பார்த்தால் 4 சதவீதத்துக்கும் கீழே. ஒரு உதாரணத்துக்கு, 412 கிலோமீட்டர் ஓடிய பிறகு 7.9 லிட்டர் பிடித்தது என்றால் லிட்டருக்கு 52. இப்படி நான்கைந்து டேங்குகளைச் சேர்த்துக் கூட்டி வகுத்தால் வருகிற எண்தான் உங்கள் வண்டியின் எண். டேங்கின் கழுத்து வரைக்கும் தளும்பத் தளும்ப ஊற்றச் சொல்லாதீர்கள். பெட்ரோல் 10 டிகிரி சூட்டுக்குச் சுமார் 1 சதவீதம் விரியும், வெயிலில் நிறுத்தினால் வழியும், புதிய வண்டிகளில் ஆவியைப் பிடிக்க வைத்திருக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் இறங்கி அதைக் கெடுக்கும். காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பங்கின் தொட்டி மண்ணுக்கு அடியில் இருப்பதால் அங்கே காலைக்கும் மத்தியானத்துக்கும் சூடு அவ்வளவு மாறாது.

கிலோமீட்டர் பக்கமும் பிழை உண்டு. டயர் தேயத் தேய சக்கரத்தின் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்றும், கிலோமீட்டர் எண்ணும் மீட்டர் ஒன்றரை சதவீதம் வரை கூடுதலாக எண்ணலாம். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை வைத்து ஒரு பத்து கிலோமீட்டர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் போதும்.

எங்கள் பக்கம் மைலேஜை மாற்றுவதில் பெரிய கை காற்றுக்குத்தான். வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் போக காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகப் போக வேண்டும். முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே மேற்கே மலைக்கு நடுவில் இருக்கும் அந்தக் கணவாய்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை, அந்த மாதங்களில் அந்த ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்குத் தகுந்தபடி ஏறும். நீங்கள் 60இல் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால் உங்கள் நெஞ்சில் மோதுவது 90 கிலோமீட்டர் காற்று, எதிர்ப்பு சும்மா இருக்கும் நாளைவிட 2.25 மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், எதிர்ப்பு கால் பங்காகிவிடும். ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே ஆள், போகும்போது ஒரு மைலேஜ், வரும்போது ஒரு மைலேஜ். போகும்போது செலவானதைப் பார்த்து வண்டியில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் போகிறவர்களும் உண்டு, வரும்போது ஓடியதைப் பார்த்து மறுநாள் அதே பெட்ரோலில் கிளம்பிக் காற்றுக்கு எதிரே நின்றுபோகிறவர்களும் உண்டு. காற்றே இல்லாத நாளிலும் 60இல் போகிறவர் 80க்குப் போனால் எதிர்ப்பு 1.8 மடங்கு ஆகிறது. மற்றதெல்லாம், டயரில் காற்று, செயின் இறுக்கம், பிரேக் உராய்வு, ஏர் ஃபில்டர், இவையெல்லாம் முக்கியம்தான், ஆனால் நெடுஞ்சாலையில் வேகத்துக்கு அப்புறம்தான்.

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். எத்தனாலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் குறையத்தான் செய்யும், அதில் வாதத்துக்கு இடமில்லை. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையிலேயே, கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று போட்டிருக்கிறது. 50 கொடுத்த வண்டி 48 கொடுக்கும். நாற்பதுக்கு வந்துவிட்டது என்றால் வேறு காரணமும் சேர்ந்திருக்கிறது, தேடுங்கள். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டரும் வண்டிக்காரரின் பையிலிருந்துதான் போகிறது, அந்த அளவுக்காவது விலையில் குறைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க் அடியில் துருப்பிடிக்கவும், முன்னால் சொன்ன அந்த மிதவைக் கம்பி இறுகவும் அது வழி செய்யும்.

இனி செய்ய வேண்டியது. வண்டியை நிற்கும் வரை ஓட்டிப் பார்த்து அளக்க வேண்டியதே இல்லை, பம்ப்புக்கும் கெடுதல். கடைசி பாயிண்ட் மின்ன ஆரம்பித்ததும் நேராகப் பக்கத்துப் பங்குக்குப் போய் ஃபுல் டேங்க் போடுங்கள். 13 லிட்டர் டேங்கில் 10.2 லிட்டர் பிடித்தது என்றால், மின்ன ஆரம்பித்தபோது 2.8 லிட்டர் இருந்திருக்கிறது. பம்ப்பால் எடுக்க முடியாமல் அடியில் தங்குவதற்கும் மற்ற பிழைகளுக்கும் சேர்த்து 1 லிட்டரைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 1.8 லிட்டர், உங்கள் மைலேஜ் 50 என்றால் 90 கிலோமீட்டர். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்துக் குறைவாக வந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ரிசர்வ், டேப் இல்லாத ரிசர்வ். அதே மாதிரி ஃபுல் டேங்கிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் மின்ன ஆரம்பிக்கிறது என்பதையும் பாருங்கள். நான் ட்ரிப் மீட்டரில் ஏ-யைப் பெட்ரோலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், வேறு எதற்கும் பூஜ்யம் ஆக்குவதில்லை, தவறிப்போய் யாராவது அழுத்திவிட்டால் தெரிய வேண்டும் என்பதற்காக ஓடோமீட்டர் எண்ணையும் பங்கிலேயே போனில் குறித்துக்கொள்வேன். 450 வந்தால் மீட்டர் எத்தனை பாயிண்ட் காட்டினாலும் போட்டுவிடுவேன். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம், டேங்கே ஐந்து லிட்டர் சொச்சம்தான், ஒரு லிட்டர் தப்பாகக் காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை போகிறவர்கள், மலைக்குக் கிளம்புகிறவர்கள், மீட்டரைப் பார்க்காமல் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். தனுஷ்கோடியில் பங்க் கிடையாது, போய் வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவுக்கும் பிறகு எங்காவது நின்றுவிட்டால், டேப் வைத்த பழைய வண்டியாக இருந்தால் டேப் இருக்கும் இடது பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள், வலது பள்ளத்தில் சிக்கியிருக்கும் பெட்ரோல் இந்தப் பக்கம் வரும், பங்க் வரைக்கும் பல சமயம் போதும். இன்ஜெக்ஷன் வண்டியிலும் சாய்த்துப் பார்க்கலாம், சாவியை இரண்டு மூன்று முறை போட்டு எடுத்து பம்ப்புக்கு அழுத்தம் ஏற நேரம் கொடுங்கள். பல பங்குகளில் பாட்டிலில் தர மாட்டார்கள், அதனால் வண்டியைத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். பின்னால் வரும் யாராவது தன் வண்டியில் இருந்தபடியே நம் ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார், நம் ஊரில் அதற்கு ஆள் கிடைக்காமல் போனதே இல்லை. ஊருக்குள் அது சரி. நான்குவழிச் சாலையில் மட்டும் அதைச் செய்யாதீர்கள், ஓரமாக இறங்கித் தள்ளுங்கள்.

அப்புறம், வண்டியை வேறு யாரிடமாவது கொடுக்கும்போது சாவியோடு சேர்த்து இந்த எண்ணையும் சொல்லிக் கொடுங்கள், "ட்ரிப்ல முந்நூறு ஓடியிருக்கு, நானூத்தம்பதுக்குள்ள போட்டுடு" என்று. நம் வண்டியின் மீட்டர் எப்படிக் காட்டும் என்பது நமக்குப் பழகியிருக்கும், வாங்கிக்கொண்டு போகிற தங்கச்சிக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அது தெரியாது.